எதைப் பார்க்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (கோட்டையூர், ஓய்வுபெற்ற ஆசிரியை): கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வருகிறார்கள். 82 வயதான என் மாமியார் முதல் 10 வயதுப் பேத்தி வரை எல்லோரும் பட்டாலையில் சேர்ந்து அமர்ந்து, நடுவில் யாரும் ரிமோட்டைத் தேடாமல் பார்க்கத்தக்க அண்மைக்காலத் தமிழ்ப் படங்களைக் கூறுங்கள்.

பதில்: முதல் நாள் மாலைக்கு, 2025 மே மாதம் வெளியான 'டூரிஸ்ட் ஃபேமிலி' படத்தை வையுங்கள், அம்மா. இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் வாழ வழியற்றுப் படகேறி வந்து இராமேசுவரத்தில் இறங்கும் ஒரு குடும்பம், சென்னையின் ஒரு குடியிருப்பில் தாங்கள் யாரென்று காட்டிக்கொள்ளாமல் வாழ முயல்வதே கதை. சசிகுமாரும் சிம்ரனும் பெற்றோராக நடித்திருக்கிறார்கள். அபிஷன் ஜீவிந்த் என்னும் இளைஞர் இயக்கிய முதல் படம். வாயைத் திறந்தால் ஈழத்தமிழ் காட்டிக்கொடுத்துவிடுமே என்ற அச்சத்திலிருந்துதான் படத்தின் நகைச்சுவை பிறக்கிறது; அதனால் சிரித்துக்கொண்டிருக்கும்போதும் அந்தக் குடும்பத்தின் நிலை நமக்கு மறப்பதில்லை. பிற்பகுதியில் அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் இவ்வளவு நல்லவர்களாகிவிடுவது சற்று மிகை என்று உங்கள் மகன் சொல்லக்கூடும். மாமியார் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது, தமிழரசன் பச்சமுத்து இயக்கிய 'லப்பர் பந்து' (2024). ஊர் மைதானத்தில் ரப்பர் பந்தில் கிரிக்கெட் ஆடும் இருவர், மட்டை பிடிப்பவரும் பந்து வீசுபவருமாக முட்டிக்கொள்கிறார்கள். மட்டை பிடிக்கும் மூத்தவரின் மகளைத்தான் பந்து வீசும் இளையவர் காதலிக்கிறார் என்பது பிறகு தெரியவருகிறது. வருங்கால மாமனாருக்கும் மருமகனுக்கும் இடையிலான வீம்பை 'அட்டகத்தி' தினேஷும் ஹரிஷ் கல்யாணும் நடித்திருக்கும் அழகுக்காகவே பார்க்கலாம். ஊர் அணியில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்பதைச் சாதி எப்படி முடிவு செய்கிறது என்பதையும் படம் மேடைப்பேச்சு இல்லாமல் சொல்லிவிடுகிறது. மட்டையைப் பிடித்த கணவரை வீட்டில் நிறுத்திக் கேள்வி கேட்கும் சுவாசிகாவின் பாத்திரத்தை மாமியாருக்கு நிச்சயம் பிடிக்கும்.

வேலை, தவணை, கடன் என்று அலையும் பிள்ளைகளுக்கு, மணிகண்டன் நடித்த 'குடும்பஸ்தன்' (2025) தங்கள் கதையாகவே தோன்றும். கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்றில் வேலையை இழந்தவர் அதை வீட்டில் சொல்லாமல் மறைக்கிறார். மறைக்க வாங்கும் கடன் வேறு கடனை அழைத்து வருகிறது.

இப்பகுதிக்காகப் படங்களைத் தேர்ந்தெடுக்கையில் நான் பெரிதும் பார்ப்பது ஒன்றைத்தான்: கதையை அப்படியே பெயர்த்து வேறோர் ஊரில் வைத்தால் அது பிழைக்குமா என்பது. எந்த ஊரிலும் நடக்கலாம் என்ற கதைகளில் ஊர் வெறும் திரைச்சீலையாகிவிடுகிறது. எழுதியவருக்கு அந்த மனிதர்களைத் தெரியாது என்பதும் பெரும்பாலும் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

கேள்வி (பள்ளத்தூர், வணிகர்): எங்கள் பகுதி வீடுகளைத் திரையில் காணும்போதெல்லாம் அவை ஜமீன்தார் மாளிகையாகவோ, வில்லன் வீடாகவோ, பேய் உலவும் பங்களாவாகவோதான் இருக்கின்றன. பூர்வீக வீடு என்றால் என்னவென்று புரிந்துகொண்டு எடுத்த படம் ஏதேனும் உண்டா? பங்காளிகளுக்குள் எங்கள் வீடும் இப்போது பேச்சில் இருப்பதால் கேட்கிறேன்.

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது, ஐயா. முகப்பிலிருந்து பார்த்தால் வளவு என்னும் உள்முற்றத்தையும் கடந்து பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் தெரியும் நீளமும், பர்மாத் தேக்குத் தூண்களும், ஆத்தங்குடிக் கற்களும் ஒளிப்பதிவாளர்களுக்குக் கிடைத்த விருந்து. ஆனால் அந்த வீட்டுக்கு எத்தனை புள்ளிகள் (மணமான குடும்பங்கள்) உரியவர்கள், எந்த அறைச் சாவி யார் கையில் இருக்கிறது, ரங்கூனிலும் மலாயாவிலும் ஈட்டிக் கட்டிய வீட்டைப் பராமரிக்க இன்று யார் பணம் தருவது, ஓட்டைப் பிரித்து மேய ஒருவர் கையெழுத்திட மறுத்தால் மற்றவர்கள் என்ன செய்வது ஆகிய கேள்விகள் திரைக்கதைக்குள் நுழைவதே இல்லை. ஒரு நல்ல நாடகத்துக்கு வேண்டிய அத்தனையும் அந்தச் சாவிக்கொத்தில் இருக்கிறது. நம் இயக்குநர்கள் தூணைப் படம்பிடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

உங்கள் கேள்விக்கு மிக அருகில் வரும் படம் செட்டிநாட்டுக் கதையாக இல்லாமல் தஞ்சைக் கதையாக அமைந்துவிட்டது. பிரேம்குமார் இயக்கி 2024 செப்டம்பரில் வெளியான 'மெய்யழகன்' படத்தைத்தான் சொல்கிறேன். 1996இல் உறவினர்களுக்குள் ஏற்பட்ட சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து, இரவோடு இரவாக ஊரைவிட்டுச் சென்னைக்குப் போகும் ஒரு குடும்பத்தின் மகன், 22 ஆண்டுகளுக்குப் பின் ஒரு திருமணத்துக்காக நீடாமங்கலத்துக்கு வருகிறார். மணமேடையில் முகம் காட்டிவிட்டு அன்றிரவே திரும்பிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். அங்கே 'அத்தான், அத்தான்' என்று விடாமல் ஒட்டிக்கொள்ளும் ஓர் உறவினரின் பெயர் அவருக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அதைக் கேட்கவும் மனம் கூசுகிறது. அரவிந்த்சாமியும் கார்த்தியும் பேசிக்கொண்டே இருக்கும் ஓர் இரவுதான் படத்தின் பெரும்பகுதி.

வீட்டை யார் ஏமாற்றி வாங்கினார்கள் என்ற வழக்குக்குள் படம் போகவே இல்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். வீடு போனவருக்கு மிஞ்சியது என்ன, அவர் விட்டுவிட்டுப் போன மிதிவண்டி இன்னொருவர் வாழ்வில் என்னவாக ஆனது என்பதையே அது பேசுகிறது. விருந்துக்கு அழைக்கும் முறை, வெற்றிலை மடிக்கும் இடம், மண்டபத்தில் பழைய உறவினரைக் கண்டதும் ஏற்படும் தயக்கம் ஆகியவை எல்லாம் நம் வீட்டுத் திருமணங்களில் பார்த்தவைதாம். நீளம் குறித்து எழுந்த குறைகளால் வெளியான பிறகு சில காட்சிகளைக் குறைத்தார்கள். வரலாற்றையும் அரசியலையும் பேசும் சில இடங்கள் எனக்கும் நீளமாகவே பட்டன. ஆனாலும் பொறுமையோடு பார்க்க வேண்டிய படம். பங்காளிகள் பேச்சுவார்த்தைக்கு உட்காருவதற்கு முந்தைய இரவு அனைவரும் சேர்ந்து பார்த்தால் நல்லது என்று சொல்லத் தோன்றுகிறது. அதன் விளைவுக்கு நான் பொறுப்பேற்க இயலாது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்பது ஸ்ரீகணேஷ் இயக்கிய '3 பிஎச்கே' (2025). சொந்த வீடு ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று ஒரு நடுத்தரக் குடும்பம் ஆண்டுக்கணக்கில் சேர்க்கும் பணத்தை, படிப்பும் மருத்துவமும் திருமணமும் ஒவ்வொரு முறையும் விழுங்கிவிடுகின்றன. சரத்குமார், தேவயானி, சித்தார்த் மூவரும் அடக்கமாக நடித்திருக்கிறார்கள். 40 அறை வீட்டைப் பூட்டிவைத்துவிட்டு நகரத்தில் தவணை கட்டும் நம் பிள்ளைகளுக்கு இதில் வேறொரு கசப்பும் சேர்ந்தே தெரியும்.

மலையாளம் பார்ப்பீர்கள் என்றால் கிறிஸ்டோ டோமி இயக்கிய 'உள்ளொழுக்கு' (2024) படத்தைத் தவறவிட வேண்டாம். குட்டநாட்டில் வெள்ளம் வீட்டுக்குள் நிற்கிறது. இறந்த மகனைப் புதைக்க முடியாமல் நீர் வடியும் வரை ஒரு தாய் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பில் மாமியாரும் மருமகளும் ஒருவருக்கொருவர் மறைத்தவை வெளியே வருகின்றன. ஊர்வசிக்கு இப்படம் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. வெள்ளம் இல்லாத ஊரில் இந்தக் கதை நடக்கவே முடியாது.

கேள்வி (தேவகோட்டை, வழக்கறிஞர்): நாள் முழுவதும் குற்றவியல் வழக்குகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வலைத்தொடர் எதைத் திறந்தாலும் முதல் காட்சியிலேயே ஒரு பிணம் கிடக்கிறது. கொலை இல்லாத தமிழ்த் தொடரே இல்லையா?

பதில்: உண்டு, அதுவும் உங்களுக்குப் பக்கத்து மாவட்டத்துக் கதை. முத்துக்குமார் இயக்கத்தில் 2023 ஜனவரியில் ஜீ5 தளத்தில் வெளிவந்த 'அயலி', 8 பகுதிகள் கொண்ட தொடர். புதுக்கோட்டைப் பகுதியில் வீரப்பண்ணை என்னும் ஊர், ஆண்டு 1990. பெண் பூப்பெய்தியதும் பள்ளியை நிறுத்தித் திருமணம் செய்துவைத்துவிட வேண்டும், மீறினால் அயலி அம்மனின் கோபத்தால் ஊரே அழியும் என்பது அங்கே நம்பிக்கை. எட்டாம் வகுப்பில் படிக்கும் தமிழ்ச்செல்விக்கு மருத்துவராக வேண்டும். தான் பெரியவளானதை அவள் ஊருக்கே தெரியாமல் மறைக்கத் தொடங்குகிறாள். மகளுக்காகத் தாயும் அந்த மறைப்புக்குள் வருகிறாள்.

இந்தக் கதைச் சுருக்கத்தைப் படித்தவர்கள், கண்ணீரும் அறிவுரையுமாக இருக்குமோ என்று அஞ்சக்கூடும். தொடரின் பெரும்பகுதி நகைச்சுவைதான். துணி துவைப்பது, வயிற்றுவலியை மறைப்பது, கோயிலுக்குள் போவதா வேண்டாமா என்பது என்று சிறு சிறு இக்கட்டுகளிலேயே கதை நகர்கிறது. அபி நட்சத்திராவும் தாயாக வரும் அனுமோலும் அதை மிகையின்றிச் செய்திருக்கிறார்கள். இறுதிப் பகுதியில் மட்டும் எல்லாம் ஒரே மூச்சில் தீர்ந்துவிடுகிறது என்பது என் குறை. கதை நடக்கும் ஆண்டையும் கவனியுங்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே அதே புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து மிதிவண்டியும் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. அதை நேரில் பார்த்தவர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்ச்செல்வியின் கதை அவர்களுக்குக் கற்பனையாகவே தோன்றாது.

சிரித்துவிட்டுப் படுத்துவிடலாம் என்றால் அமேசான் பிரைமில் 'தலைவெட்டியான் பாளையம்' (2024) இருக்கிறது. சென்னை இளைஞர் ஒருவர் வேண்டா வெறுப்பாகத் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூருக்கு ஊராட்சிச் செயலராக வருகிறார். இந்தியில் 2020இல் தொடங்கிய 'பஞ்சாயத்' தொடரின் தமிழ் வடிவம் இது. 'மர்மதேசம்' எடுத்த நாகாவே இயக்கியிருக்கிறார். சேத்தனும் தேவதர்ஷினியும் வரும் காட்சிகள் அருமை. ஆனால் மூலத்தைக் காட்சிக்குக் காட்சி பின்பற்றியதில் நெல்லை மண் போதிய அளவு ஒட்டவில்லை. இந்தி புரியும் என்றால் மூலத்தையே பாருங்கள்.

கேள்வி (காரைக்குடி, பொறியியல் மாணவர்): எனக்குத் துப்பறியும் தொடர்கள்தாம் பிடிக்கும். தமிழில் மூன்றை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது. எவை?

பதில்: 'விலங்கு', 'சுழல்', 'வதந்தி'. இந்த வரிசையிலேயே பாருங்கள்.

பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கி 2022இல் வெளியான 'விலங்கு', 7 பகுதிகளில் முடிந்துவிடும். திருச்சிப் பக்கத்து வேம்பூர் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளராக விமல். மேலதிகாரியின் ஏச்சு, மனைவியின் பிரசவம், நிலையத்தில் காணாமல் போகும் சான்றுகள் என்று ஒரு காவலரின் அன்றாடம் முழுவதும் அதில் இருக்கிறது. இந்தியத் தொடர்களில் காவல் நிலையம் என்றால் நீல விளக்கும் கண்ணாடிச் சுவரும் காட்டும் வழக்கம் பரவியிருக்கையில், இங்கே மேசையும் பேரேடும் வாளித் தண்ணீரும் உண்மையாக இருக்கின்றன. வன்முறைக் காட்சிகள் சில கடுமையானவை.

புஷ்கர்–காயத்ரி உருவாக்கிய 'சுழல்' தொடரின் முதல் பருவத்தில் மயானக்கொள்ளைத் திருவிழாவும் விசாரணையும் நாள்தோறும் பின்னிப்பின்னிச் செல்கின்றன. 2025இல் வந்த இரண்டாம் பருவம் வேறொரு திருவிழாவைப் பிடித்துக்கொண்டது. முதல் பருவத்தின் இறுக்கம் அதில் இல்லை. குமரி மாவட்டத்தில் நடக்கும் 'வதந்தி'யில் எஸ்.ஜே. சூர்யா வழக்கத்துக்கு மாறாகக் குரலை அடக்கி நடித்திருக்கிறார். கொலையுண்ட பெண்ணைப் பற்றிப் பத்திரிகைகளும் ஊராரும் ஆளுக்கொரு கதை கட்டுவதுதான் அதன் மையம்.

கேள்வி (தேவகோட்டை ரஸ்தா, வாசகர்): எங்கள் ஊரில் படப்பிடிப்பு நிலையம் வைத்திருந்த ஏவி.எம். நிறுவனம் வலைத்தொடர் ஏதும் எடுத்திருக்கிறதா?

பதில்: எடுத்திருக்கிறது. அறிவழகன் இயக்கத்தில் 2022இல் சோனிலிவ் தளத்தில் வந்த 'தமிழ் ராக்கர்ஸ்'. திருட்டுப் பதிவிறக்கத்தைப் பற்றியது, அருண் விஜய் நடித்தது. எடுத்துக்கொண்ட பொருள் புதிது. நடை மட்டும் வழக்கமான காவல் துறைக் கதாநாயகனுடையது. உங்கள் ஊரில் கீற்றுக் கொட்டகைகளில் இருந்த படப்பிடிப்பு நிலையத்தில் 'நாம் இருவர்' (1947) உருவான கதையையே யாரேனும் தொடராக எடுத்தால் நான் முதல் நாளே பார்ப்பேன்.

கேள்வி (கண்டனூர், ஒரு தாய்): என் மகனுக்கு 13 வயது. 'அடோலசென்ஸ்' என்னும் ஆங்கிலத் தொடரை எல்லாப் பெற்றோரும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அவனோடு சேர்ந்து பார்க்கலாமா?

பதில்: முதலில் நீங்களும் உங்கள் கணவரும் மட்டும் பாருங்கள், அம்மா. நான்கே பகுதிகள்; 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. இங்கிலாந்தில் ஒரு விடியற்காலையில் காவலர்கள் கதவை உடைத்து உள்ளே புகுந்து, உடன் படிக்கும் மாணவியைக் கொன்றதாக 13 வயதுச் சிறுவனைக் கைது செய்கிறார்கள். ஒவ்வொரு பகுதியும் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டத்தில் படமாக்கப்பட்டது. இதைத் தொழில்நுட்ப வித்தை என்று முதலில் எண்ணத் தோன்றும். கண்ணை விலக்கிக்கொள்ள ஓர் இடைவெளிகூடக் கிடைக்காதபோதுதான் அந்த முறையின் பொருள் விளங்குகிறது.

யார் செய்தது என்பது முதல் பகுதியிலேயே தெரிந்துவிடும். பையன் தன் அறையில் பத்திரமாக இருக்கிறான் என்று பெற்றோர் நம்பிய அந்த நேரத்தில் கைப்பேசி வழியாக அவனுக்குள் என்னென்ன போயிற்று என்பதே மீதிக் கதை. மாணவர்கள் பரிமாறிக்கொள்ளும் சின்னச் சின்னப் படக்குறிகளின் பொருள் விசாரணை அதிகாரிக்குப் புரிவதில்லை. அவருடைய மகன்தான் விளக்குகிறான். சிறுவனும் உளவியலாளரும் ஓர் அறையில் பேசும் மூன்றாம் பகுதியை அண்மையில் வந்த நடிப்புகளில் தலைசிறந்ததாகக் கருதுகிறேன். அச்சிறுவனாக நடித்த ஓவன் கூப்பருக்கு 15 வயதில் எம்மி விருது கிடைத்தது. பிரிட்டனில் உயர்நிலைப் பள்ளிகள் இதை இலவசமாகத் திரையிட நெட்ஃபிளிக்ஸ் வழி செய்தது. நீங்கள் பார்த்தபின், உங்கள் மகன் தாங்குவான் என்று தோன்றினால், முதல் இரு பகுதிகளை அவனோடு பாருங்கள். அந்தக் குறிகளைப் பற்றி நீங்கள் அவனுக்கு விளக்க வேண்டாம், அவனிடம் கேளுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர், சொந்த ஊர் நெற்குப்பை): 'மகாராஜா' படத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாமா?

பதில்: குழந்தைகளோடு வேண்டாம். நித்திலன் சாமிநாதன் இயக்கிய இப்படத்தின் (2024) திரைக்கதை காலத்தை முன்னும் பின்னுமாகக் கலைத்து அடுக்கிய விதம் மிகத் தேர்ந்தது. விஜய் சேதுபதியின் 50ஆவது படம். பாலியல் வன்முறை கதையின் அடித்தளத்திலேயே இருக்கிறது.

கேள்வி (புதுவயல், அரிசி ஆலை உரிமையாளர்): என் தந்தைக்கு மறதி கூடிக்கொண்டே வருகிறது, அதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. இதைப் பரிவோடு காட்டிய படம் ஏதாவது உண்டா?

பதில்: தின்ஜித் அய்யத்தான் இயக்கிய 'கிஷ்கிந்தா காண்டம்' (2024) என்னும் மலையாளப் படத்தைப் பாருங்கள். காட்டை ஒட்டிய வீட்டில் வாழும் ஓய்வுபெற்ற இராணுவ வீரர் அப்புப்பிள்ளை. தேர்தல் நேரத்தில் ஒப்படைக்க வேண்டிய அவருடைய உரிமத் துப்பாக்கியைக் காணவில்லை. மர்மக் கதைபோலத் தொடங்கி, தன் மறதியைப் பிறர் கண்ணில் படாமல் மறைப்பதற்கே மீதியிருக்கும் அறிவையெல்லாம் செலவிடும் ஒரு முதியவரின் கதையாக அது விரிகிறது. தந்தையாக விஜயராகவனும் மகனாக ஆசிஃப் அலியும். மகன் தந்தையைத் திருத்த முயல்வதே இல்லை; அவரோடு சேர்ந்து நடக்கிறான். படத்தின் முடிவில் அதற்கான காரணம் தெரியும்போது நெஞ்சம் கனக்கும். நீங்கள் முதலில் தனியாகப் பார்ப்பது நல்லது.

கேள்வி (குன்றக்குடி, கல்லூரி ஆசிரியர்): 'கொட்டுக்காளி' படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன். ஒன்றுமே நடக்கவில்லையே?

பதில்: நிறுத்திய இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து பாருங்கள், ஒலியைக் கூட்டி வையுங்கள். பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய இந்தப் படத்தில் (2024) பின்னணி இசை இல்லை. ஷேர் ஆட்டோவின் இரைச்சல், காலைக் கட்டிய சேவலின் படபடப்பு, தொண்டை கரகரத்த சூரியின் குரல் ஆகியவைதாம் இசை. வேறு சாதிப் பையனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்திருப்பதாக நம்பி, அவளுக்கென்று பேசிவைத்த மாப்பிள்ளையும் உறவினர்களும் அவளைச் சாமியாடியிடம் அழைத்துச் செல்கிறார்கள். மீனாவாக வரும் அன்னா பென் ஏறக்குறைய ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவளைச் சுற்றியுள்ளவர்கள்தாம் நிறுத்தாமல் பேசுகிறார்கள், கத்துகிறார்கள், நடுவழியில் அடிக்கவும் செய்கிறார்கள். சாலையை மறித்து நிற்கும் ஒரு காளையின் முன் ஆண்கள் அத்தனை பேரும் செயலற்று நிற்க, ஒரு சிறுமி வந்து அதை ஓட்டிக்கொண்டு போகும் காட்சியைக் கடந்தீர்களா? அதற்கு முன்பே நிறுத்தியிருந்தால் படம் இன்னும் உங்களிடம் பேசத் தொடங்கவில்லை. மதுரைப் பக்கத்து வெயிலும் மண்சாலையும் இல்லாமல் இந்தப் பயணத்தை நினைத்துப் பார்க்க முடியாது. அந்த முடிவைப் பற்றி உங்கள் மாணவர்களோடு ஒரு வகுப்பு முழுவதும் வாதிடலாம்.

கேள்வி (கானாடுகாத்தான், வாசகர்): 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தைத் தமிழ் டப்பிங்கில் பார்ப்பதா, மலையாளத்திலா?

பதில்: மலையாளத்தில். 2006இல் கொடைக்கானல் குணா குகையில் விழுந்த நண்பனை மீட்ட இளைஞர்களின் உண்மைக் கதை அது. உதவி கேட்டு ஓடும் அந்த இளைஞர்களுக்குத் தமிழ் சரியாக வராது. கொடைக்கானல் கடைக்காரர்களும் காவலர்களும் தமிழில்தான் பேசுகிறார்கள். எல்லோரையும் ஒரே மொழியில் பேசவைத்துவிட்டால் அவர்களுடைய தவிப்பில் பாதி காணாமல் போய்விடும். தமிழ்நாட்டுத் திரையரங்குகளிலும் அது மலையாளத்திலேயே ஓடி வெற்றி பெற்றது. சப்டைட்டிலை இயக்கிவிட்டுப் பாருங்கள், பத்து நிமிடத்தில் பழகிவிடும்.